முத்துக்கு விலையாக வந்த வெள்ளி

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கி வடக்கே செல்லும் ஏ32 வீதி, மாந்தைச் சந்தியைக் கடந்து, விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை வழியாக வெள்ளாங்குளத்தை அடைகின்றது. வீதியின் மேற்கே ஆழங்குறைந்த கடலும் கண்டல் காடும் உவர்நிலமும் கிடக்க, கிழக்கே குளங்களை நம்பிய வயல்நிலம் விரிகின்றது. இந்தக் கரையோரப் பட்டிக்கு அடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். அதில் செம்போ காரீயமோ தரும் கனியம் இல்லை, வெள்ளியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆயினும், இலங்கை மன்னன் ஒருவன் உரோம வெள்ளி நாணயங்களைப் பார்த்து அவற்றின் எடையை வியந்த செய்தியை கி.பி. முதலாம் நூற்றாண்டின் இலத்தீன் நூல் ஒன்று பதிந்து வைத்திருக்கின்றது. அந்த நாணயங்கள் வந்திறங்கிய துறை மன்னார் வளைகுடாக் கரையிலேயே இருந்தது எனக் கருதும் அறிஞர்களும் உளர். உலோகம் விளையாத ஒரு கரைக்கு அந்த உலோகம் எங்கிருந்து, எதற்கு ஈடாக வந்தது என்பதை அறிய, பல ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த சுரங்கங்களிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கின்றது.

வெள்ளி பெரும்பாலும் தங்கத்தைப்போலத் தனி உலோகமாக மண்ணில் கிடைப்பதில்லை. பழங்காலத்தவர் அதைப் பெற்றது, காரீயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்னும் கறுத்துப் பளபளக்கும் கனியத்திலிருந்தும், அதுபோன்ற பிற காரீயக் கனியங்களிலிருந்துமே. ஒரு தொன் காரீயத்தில் ஓரிரு கிலோகிராம் வெள்ளி இருந்தாலே அது நல்ல கனியம். கனியத்தை உடைத்து, அரைத்து, நீரோட்டத்தில் கழுவிப் பாரமான துகளை மட்டும் பிரித்தெடுத்து, கரியோடு உலையில் இட்டு உருக்கினால் முதலில் கிடைப்பது வெள்ளி கலந்த காரீயம். அடுத்த கட்டமே தொழிலின் உயிர்நாடி. எலும்புச் சாம்பலாலோ களிமண்ணாலோ அமைத்த ஆழமற்ற தட்டில் அந்தக் காரீயத்தை வைத்து, ஏறத்தாழ 900 முதல் 1000 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி, துருத்தியால் மேலே காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். காரீயம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மஞ்சள் நிறமான காரீய ஒட்சைட்டாக மாறும். சித்த மருத்துவம் மிருதார்சிங்கி என்று அழைக்கும் பொருள் இதுவே. அது உருகி ஒரு பகுதி வழிந்தோடும், மறு பகுதியைத் தட்டு உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளியோ காற்றோடு சேர மறுத்து நடுவில் தங்கி நிற்கும். கடைசி மெல்லிய காரீயப் படலம் விலகும் நொடியில், மங்கலாகக் கிடந்த உருகிய குமிழ் திடீரெனப் பளிச்சிடும். உலையருகே நிற்பவன் தீயைத் தணிக்க வேண்டிய தருணத்தை அந்தப் பளிச்சிடலே அறிவிக்கின்றது. வெப்பமானி இல்லாத காலத்தில் இவ்வளவையும் கண்ணாலும் அனுபவத்தாலும் மட்டுமே செய்தார்கள் என்பதை நினைவிற் கொள்வது நல்லது.

மத்தியதரைக் கடலுலகில் இத்தொழிலின் புகழ்பெற்ற களம் ஏதென்சுக்குத் தென்கிழக்கேயுள்ள லாவ்ரியோன் பகுதி. கி.மு. 483 அளவில் அங்கே வளமான புதிய படிவு ஒன்று அகப்பட்டபோது, வருமானத்தைக் குடிமக்களிடையே பங்கிட்டுக் கொடுப்பதற்குப் பதிலாகப் போர்க்கப்பல் கட்டுமாறு தெமிஸ்டொக்லீஸ் வாதிட்டு வென்றான். மூன்று வருடங்களின் பின் சலாமிஸ் கடற்போரில் பாரசீகக் கடற்படையை முறியடித்தவை அக்கப்பல்களே. மழை குறைந்த அந்த மலைப்பகுதியில் கனியம் கழுவும் தளங்களுக்கு நீர் கசியாச் சாந்து பூசிய தொட்டிகள் வெட்டி, ஒரே நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினர். குறுகிய சுரங்கப் பாதைகளில் ஊர்ந்து கல் கொத்தியவர்கள் அடிமைகள். நிக்கியாஸ் என்னும் ஏதென்ஸ் பிரபு ஆயிரம் அடிமைகளைத் தலைக்கு நாளொன்றுக்கு ஓர் ஒபோல் வீதம் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டிருந்ததாக செனபோன் எழுதுகின்றார். கிரேக்க நாகரிகத்தைப் போற்றும் நூல்கள் இந்த ஒபோல் கணக்கை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுவது வழக்கம். சலாமிஸ் வெற்றிக்கு விலை கொடுத்தவர்களின் பட்டியலில் முதலில் வரவேண்டியவர்கள் அந்த அடிமைகளே.

உலோகம் கடல்வழி நெடுந்தூரம் பயணப்படுவது லாவ்ரியோனுக்கும் மிக முற்பட்ட வழக்கம். துருக்கியின் தென்கரையில் உலுபுருன் முனையருகே கடற்பஞ்சு எடுக்கும் சுழியோடி ஒருவர் 1982இல் கண்டறிந்த கப்பற்சிதைவு கி.மு. 1300 அளவிலானது, அதில் ஏறத்தாழ பத்துத் தொன் செம்பும் ஒரு தொன் வெள்ளீயமும் பாளங்களாக இருந்தன. வெண்கலம் வார்க்க இரண்டும் ஏறக்குறைய பத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே தேவை என்பதால், அது ஒரு வார்ப்புச்சாலைக்கான முழுச் சரக்கு. பின்னர், இன்றைய லெபனான் கரையைச் சேர்ந்த பினீசியர் மேற்கே சார்தீனியாவையும் ஐபீரியக் குடாநாட்டையும் எட்டி, இன்று காடிஸ் எனப்படும் காதிர் துறையை நிறுவி, ஸ்பெயினின் ரியோ திந்தோ ஆற்றுப் பகுதி வெள்ளியைக் கிழக்கே கொண்டுவந்தனர். நாணயம் பிறப்பதற்கு முந்திய அக்காலத்தில் வெள்ளியைத் துண்டு துண்டாக வெட்டித் தராசில் நிறுத்தே கொடுத்தனர். அத்தகைய வெட்டு வெள்ளிப் புதையல்கள் இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதிகளில் பல கிடைத்துள்ளன.

எந்த வெள்ளி எந்தச் சுரங்கத்தது என்பதை எப்படிச் சொல்ல முடிகின்றது? தட்டில் எவ்வளவு ஊதினாலும் வெள்ளிக்குள் சிறிதளவு காரீயம் தங்கியே விடுகின்றது. காரீயத்துக்கு 204, 206, 207, 208 என நான்கு நிலையான சமதானிகள் உண்டு. சமதானி என்பது ஒரே தனிமத்தின் வேறுபட்ட எடையுள்ள அணு. இவற்றுள் பின்னைய மூன்றும் யுரேனியமும் தோரியமும் சிதைவதால் பெருகுபவை ஆதலால், பாறையின் வயதையும் இயல்பையும் பொறுத்து நான்கின் விகிதமும் இடத்துக்கிடம் மாறுகின்றது. உருக்கினாலும் அந்த விகிதம் மாறுவதில்லை. ஆகவே நாணயத்திலிருந்து எடுத்த ஊசிமுனையளவு துகள் அதன் பிறந்த மலையைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தடை மட்டும் உண்டு: பல இடத்து வெள்ளியை ஒன்றாக உருக்கிவிட்டால் விகிதங்களும் கலந்து, அடையாளம் குழம்பிப்போகும். இத்தடை மன்னார்க் கரையைப் பற்றிப் பேசும்போது முக்கியமாகின்றது.

கார்த்தேஜைத் தோற்கடித்து ஸ்பெயினின் சுரங்கங்களைக் கைப்பற்றியபின் உரோமரின் வெள்ளி உற்பத்தி முன்பு எங்கும் காணாத அளவுக்குப் பெருகியது. இன்றைய கார்த்தகேனா நகரருகே 40,000 பேர் வேலை செய்ததாகவும் உரோம மக்களுக்கு நாளொன்றுக்கு 25,000 திராக்மா வருமானம் கிடைத்ததாகவும் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பொலிபியஸ் கூறியதை ஸ்ட்ராபோ எடுத்தெழுதுகின்றார். உலைகளிலிருந்து எழுந்த காரீயப் புகை வட அத்திலாந்திக்கைக் கடந்து கிறீன்லாந்தின் பனியில் படிந்தது. அப்பனியைத் துளையிட்டு எடுத்த படிவங்களில் உரோமர் காலக் காரீயம் இன்றும் தெளிவாக அளக்கப்படுகின்றது. இந்த வெள்ளியே தெனாரியஸ் என்னும் நாணயமாயிற்று. கி.மு. 211 அளவில் அறிமுகமான அது, அகஸ்தஸ் பேரரசன் காலத்தில் ஏறத்தாழ 3.9 கிராம் எடையும் உயர்ந்த தூய்மையும் உடையதாக இருந்தது.

அந்த நாணயம் இந்தியப் பெருங்கடலை நோக்கி ஓடிய வேகம் உரோமரையே கலங்க வைத்தது. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸுக்குக் குறையாத செல்வத்தை உறிஞ்சிக்கொள்கின்றது என்று கி.பி. 79இல் இறந்த பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ நூலில் முறையிடுகின்றார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ். எனவே இத்தொகை ஒன்றேகால் கோடி தெனாரியஸ். முழுவதும் வெள்ளியாகவே கொடுக்கப்பட்டிருந்தால் அதன் எடை 40 தொன்னுக்கும் மேல். திராக்மாவைத் தெனாரியஸுக்கு நிகராகக் கொண்டு, பொலிபியஸ் சொன்ன நாளொன்றுக்கு 25,000 என்னும் கணக்கை ஆண்டுக்குப் பெருக்கினால் 91 இலட்சம் வருகின்றது. அதாவது, இரு கணக்குக்கும் இடையே இரண்டு நூற்றாண்டுகள் இருப்பினும், கார்த்தகேனாச் சுரங்கங்களின் ஓராண்டு வருமானத்தை விஞ்சிய தொகை கிழக்கே போயிருக்கின்றது. பிளினி ஆடம்பரத்தைக் கண்டிக்கும் நோக்கோடு எழுதியவர் என்பதாலும், விலை தங்கமாகவும் வைனாகவும் பவளமாகவும் கொடுக்கப்பட்டதாலும் இந்த எண்ணை அப்படியே ஏற்பதற்கில்லை. எனினும் அதைப் புறந்தள்ளவும் முடியாது. மலபார்க் கரையின் முசிறியிலிருந்து எகிப்துக்குச் சென்ற ஹெர்மபோலோன் என்னும் ஒரு கப்பலின் சரக்கு மட்டும் ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் மதிப்புடையது என்று வியன்னாவில் பாதுகாக்கப்படும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஆவணம் காட்டுகின்றது.

அகநானூற்றின் 149ஆம் பாடல் யவனர் கலங்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதைச் சொல்கின்றது. மண்ணோ வெள்ளியையும் காட்டுகின்றது. உடுமலைப்பேட்டைக்கு அருகே பூதிநத்தத்தில் ஏறத்தாழ 1,400 தெனாரியஸ்கள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கரூர் வரை கிடைத்துள்ள இத்தகைய புதையல்களில் அகஸ்தஸ், திபேரியஸ் ஆகிய இரு பேரரசர்களின் நாணயங்களே மிகுதி. கி.பி. 64இல் நீரோ தெனாரியஸின் எடையையும் தூய்மையையும் குறைத்தபின் வெளியானவை இந்தியப் புதையல்களில் அரிதாகவே உள்ளன. கொங்கு வணிகருக்குப் பேரரசனின் முகத்தில் அக்கறை இருந்திருக்க நியாயமில்லை. அவர்கள் வாங்கியது வெள்ளியை, நாணயத்தை அல்ல. புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த 501 தங்க நாணயங்களில் பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைமேல் உளிவெட்டு விழுந்திருப்பதும், சேர மன்னர் மாக்கோதை உரோம பாணியில் தம் தலையுருவைப் பொறித்து வெள்ளிக்காசு வெளியிட்டதும் இதையே வேறு வேறு விதமாகக் காட்டுகின்றன.

இவ்வளவும் மலபாரையும் கொங்கையும் பற்றியது. மன்னார்க் கரை இந்த வலையமைப்பில் எந்த முனையில் நின்றது என்பதற்குப் பிளினியின் இன்னொரு வரி விடைதருகின்றது: இந்தியாவில் செம்பும் காரீயமும் இல்லை, அவற்றைத் தன் மணிகளையும் முத்துகளையும் கொடுத்தே பெறுகின்றது என்கிறார் அவர். செம்பையும் காரீயத்தையும் பொறுத்தவரை அது முழு உண்மையன்று. ஆனால் முத்து பற்றிய பகுதி துல்லியமானது. முத்து விளைந்த இடம் மன்னார் வளைகுடா. அதன் மேற்குக் கரையில் கொற்கைக்கு அருகே பாண்டியருக்கு உரிய முத்துக்குளிப்பில் தண்டனை பெற்றவர்கள் ஈடுபடுத்தப்பட்டதாக, முதலாம் நூற்றாண்டின் ‘எரித்திரேயக் கடற்பயணம்’ என்னும் கிரேக்க வழிகாட்டி நூல் கூறுகின்றது. கிழக்குக் கரையில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக்கு எதிரே கடலடியில் கிடக்கும் பார்கள், அதாவது சிப்பிகள் செறிந்து வளரும் கற்படுகைகள், பிரித்தானியர் காலம் வரை முத்துக்குளிப்புச் சலாபங்களால் பெயர்பெற்றவை. இந்தியாவைவிடத் தப்ரபேன் தீவில் பெரிய முத்துகள் மிகுதி என மெகஸ்தனீஸ் எழுதியதையும் பிளினி குறித்திருக்கின்றார். தப்ரபேன் என்பது கிரேக்கரும் உரோமரும் இலங்கைக்கு வழங்கிய பெயர். வெள்ளியைப் பிரிக்க ஒருபுறம் அடிமைகள் நிலத்துக்குள் ஊர்ந்தார்கள் என்றால், மறுபுறம் குற்றவாளிகள் மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கினார்கள். வணிகத்தின் இரு முனைகளிலும் இவ்வாறு கட்டாய உழைப்பு நின்றது.

பிளினி சொல்லும் கதை வருமாறு. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளொக்காமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவன் அரேபியாவைச் சுற்றிக் கப்பலோட்டியபோது, வடகாற்றால் அடித்துச் செல்லப்பட்டு, பதினைந்தாம் நாள் தப்ரபேனின் ஹிப்பூரி என்னும் துறையை அடைந்தான். மன்னன் அவனை ஆறு மாதம் உபசரித்தான். அதற்குள் அவன் ஊர்மொழியைக் கற்றுக்கொண்டு கேள்விகளுக்கு விடையளித்தான். அவனிடமிருந்து கைப்பற்றிய நாணயங்களைப் பார்த்த மன்னன், அவற்றிலுள்ள உருவங்கள் வெவ்வேறு பேரரசர்களுடையவையாக இருந்தும் எல்லாத் தெனாரியஸ்களும் ஒரே எடையாக இருப்பதைக் கண்டு, உரோமரின் நேர்மையை மெச்சி, ராக்கியஸ் என்பவரின் தலைமையில் நான்கு தூதர்களை குளோடியஸ் பேரரசனிடம் அனுப்பினான்.

இக்கதையின் ஒரு நுனி கல்லில் உறுதிப்படுகின்றது. எகிப்தின் கீழைப் பாலைவனத்தில், நைல் கரையையும் பெரெனிகே துறையையும் இணைத்த வழியில், புப்ளியஸ் அன்னியஸ் புளொக்காமஸின் அடிமையான லைசாஸ் தான் வந்ததைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பொறித்து வைத்திருக்கின்றான். அதன் காலம் கி.பி. 6. ஆகவே புளொக்காமஸ் குடும்பம் உண்மையில் இருந்தது, அவர்களுடைய ஆள்கள் அந்த வணிகப் பாதையில் நடமாடினர். ஹிப்பூரியை மன்னாருக்குத் தெற்கேயுள்ள குதிரைமலை முனையாகக் கொள்வோர், கிரேக்கத்தில் அப்பெயர் குதிரையைக் குறிப்பதையே ஆதாரமாகக் காட்டுகின்றனர். தனியே பெயரொப்புமையை மட்டும் நம்புவது உறுதியான வாதமாகாது. ஆனால் முத்துப் பார்களுக்கு நேரெதிரே நிற்கும் ஒரு முனையில் அயலவன் ஒருவனின் பணப்பை மன்னனின் ஆட்களிடம் சிக்கியது என்பதில் நம்பமுடியாதது எதுவுமில்லை. மன்னன் எடை பார்த்தது உரோமரின் அறத்தை அளக்க அல்ல என்பதே மிகவும் பொருத்தமான வாசிப்பு. இலங்கையில் அன்று புழங்கிய முத்திரைக் காசுகள், அதாவது வெள்ளித் தகட்டை வெட்டிச் சூரியன், மலை, மரம் போன்ற சின்னங்களைக் குத்திய காசுகள், ஏறத்தாழ மூன்றரைக் கிராம் எடை உடையவை. புழங்கித் தேய்ந்தவற்றில் ஒன்றுக்கொன்று எடை மாறும். அவற்றைப் பார்த்துப் பழகிய கண், வார்த்தெடுத்ததுபோல் ஒரே எடையில் நிற்கும் அயல் வெள்ளியைக் கண்டு வியந்தது இயல்பே.

அப்படியென்றால் இலங்கை மண்ணில் தெனாரியஸ்கள் குவியல் குவியலாகக் கிடைக்க வேண்டுமே என்னும் கேள்வி எழுகின்றது. கிடைக்கவில்லை, கிடைத்தவை மிகச் சில. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கந்தரோடையில் 1917 முதல் 1919 வரை போல் பீரிஸ் நடத்திய ஆய்வுகளிலும் பின்னரும் முத்திரைக் காசுகள் வெளிப்பட்டன, உரோம நாணயங்களும் வெளிப்பட்டன. ஆயினும் இத்தீவின் உரோம நாணயங்களில் மிகப் பெரும்பாலானவை கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் சிறிய, தேய்ந்த செப்புக்காசுகளே. முற்காலத்தில் மேற்கின் கப்பல்கள் பெரும்பாலும் முசிறியோடு நின்றுகொண்டதும், தீவின் யானைத் தந்தமும் ஆமையோடும் பிற சரக்குகளும் இந்தியச் சந்தைகளுக்குப் போனதாக ஸ்ட்ராபோ சொல்வதும் இதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் மூசையில் இருக்கின்றது. வெள்ளி விளையாத நாட்டில் வந்திறங்கும் வெள்ளி நாணயம் நெடுநாள் நாணயமாக இருப்பதில்லை. அது காசாக மறுபடி வெட்டப்படும், சிலம்பாகும், கிண்ணமாகும், விகாரைக்கும் கோயிலுக்கும் காணிக்கையாகும். தேய்ந்த செப்புக்காசை உருக்குவதால் ஆதாயமில்லை என்பதால் அது மண்ணில் தங்கிவிட்டது. மண்ணில் மிகுந்திருப்பது மதிப்புக் குறைந்தது என்பதை மறந்து கணக்கெடுத்தால், வணிகத்தின் பாரமான பாதி கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

இலங்கையே வெள்ளி விளைத்தது என்னும் மரபும் உண்டு. துட்டகைமுனு (கி.மு. 161–137) மகாதூபியைக் கட்ட முனைந்தபோது அம்பட்டகோல என்னும் இடத்துக் குகையில் வெள்ளி வெளிப்பட்டதாக மகாவம்சம் கூறுகின்றது, குருநாகல் மாவட்டத்து ரிதி விகாரை அந்த இடமாகப் போற்றப்படுகின்றது. இரண்டாம் நூற்றாண்டின் தாலமியும் இத்தீவில் பொன்னும் வெள்ளியும் எல்லா உலோகங்களும் விளைவதாக எழுதிவிட்டார். தொலைவிலிருந்து எழுதுபவருக்குத் துறைமுகத்தில் விற்கும் பொருளெல்லாம் அந்நாட்டு விளைபொருளாகத் தோன்றுவது உலக வழக்கம். சேருவிலைப் பகுதியில் செம்புக் கனியம் உண்டு, சமனலவெவ மலைச்சரிவுகளில் பருவக்காற்றின் விசையையே துருத்தியாக்கி இரும்பு உருக்கிய உலைகள் உண்டு. ஆனால் லாவ்ரியோனைப்போல ஒரு காரீயச் சுரங்கம் இங்கே இல்லை. முத்திரைக் காசுகளின் வெள்ளிக்கு அருகிலிருந்த பேரூற்று இராஜஸ்தானின் தரிபா, அகூச்சா சுரங்கங்கள். பிரித்தானிய அருங்காட்சியகமும் பரோடாப் பல்கலைக்கழகமும் 1980களில் இராஜஸ்தான் சுரங்கங்களில் நடத்திய கூட்டாய்வுகள் அவற்றின் பழமையை வெளிக்கொணர்ந்தன. ஆகவே மன்னார்க் கரையின் மூசைகளில் வடக்கின் வெள்ளியும் மேற்கின் வெள்ளியும் கலந்திருக்க வாய்ப்புண்டு. சமதானி ஆய்வுக்கு இக்கலப்பே தடை. ஆயினும் இலங்கைக் காசுகளையும் மாக்கோதை காசுகளையும் அந்த நோக்கில் வரிசையாக அளந்தால், கலப்பு எந்தக் காலத்தில் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதாவது வெளிப்படும்.

மேற்கின் வெள்ளி மூன்றாம் நூற்றாண்டில் வற்றியது. ஸ்பெயினின் சுரங்கங்கள் தளர்ந்தன, தெனாரியஸ் செம்புக்குமேல் பூசிய மெல்லிய வெண்மையாகச் சுருங்கியது, பின்வந்த கொன்ஸ்தந்தீன் தங்கக் காசை நிலைநாட்டினான். கிழக்கே வெள்ளியின் கொடி சாசானியப் பாரசீகரின் கைக்கு மாறியது. ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மஸ் என்னும் அலெக்சாந்திரிய வணிகத் துறவி எழுதிய நூலில் இம்மாற்றம் ஒரு காட்சியாகவே வருகின்றது. சொபத்ரோஸ் என்னும் உரோம வணிகனும் பாரசீகத் தூதன் ஒருவனும் இலங்கை மன்னன் முன் நின்று, தத்தம் அரசனே பெரியவன் என்று வாதிட்டனர். சொபத்ரோஸ் இருவரின் நாணயங்களையும் வைத்துப் பார்க்கச் சொன்னான். மன்னன் பாரசீகனின் வெள்ளித் திராக்மத்தையும் உரோமனின் தங்கக் காசையும் கையிலெடுத்துப் பார்த்து, உரோமரே சிறந்தவர் எனத் தீர்ப்பளித்து, சொபத்ரோஸை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டான்.

பிளினியின் கதையும் கொஸ்மஸின் கதையும் உரோமர் வாயிலிருந்தே வந்தவை. இரண்டிலும் நடுவராக ஓர் இலங்கை மன்னன், இரண்டிலும் வெற்றி உரோமனுக்கு. திருக்கேதீச்சரம் கோயிலைச் சூழ்ந்து இரட்டை அகழியோடு குதிரை இலாட வடிவில் கிடக்கும் மாந்தை மேட்டின் சாட்சியம் வேறு. 1980 முதல் 1984 வரை தொல்லியல் திணைக்களத்தோடு சேர்ந்து ஜோன் கார்ஸ்வெல் நடத்திய அகழ்வு, போர் மூண்டதால் இடையில் நின்றுபோயிற்று. அக்குழிகளில் மத்தியதரைக் கடற்பாண்டங்களின் ஓடுகள் சிலவே அகப்பட, பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த நீலப்பச்சை மெருகிட்ட சாடிகளின் உடைசல்கள் படைக்குப் படை ஏராளமாக வெளிவந்தன.